ஐந்தாவது புட்டி

நவம்பரில் நான் மூடிய குழியை
ஏப்ரலில் நானே திறந்தேன்.
ஒர்ஹேய் கோர்ட் உத்தரவில் கூலி பற்றி ஒரு வரி இல்லை.
மண் இன்னும் இறுகவில்லை,
பாதி நேரம்தான் ஆனது.

பலகை நீங்கியதும் டாக்டர் ஒலிம்பியா
முகமூடியை இறுக்கிக்கொண்டு இறங்கினார்.
எஃப்தீமியின் முடி, வேரோடு.
பத்து விரல் நகம்.
பெட்டிக்கு மேலே, கீழே, இரு பக்கமும்
நாலு புட்டி மண்.

மண் எதற்கு என்றேன்.
"விஷம் உள்ளேயிருந்து வெளியே போனதா
வெளியேயிருந்து உள்ளே வந்ததா,
அது தெரிய வேண்டாமா, பாம்ஃபில்?"

போலீஸ் வண்டியருகே ஸினோவியா,
விலங்கிட்ட கையோடு.
புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை.
இடது பூட்ஸைப் பார்த்தாள்.
"இரட்டை முடிச்சு. நான் போட்டது.
அவிழவேயில்லை."
யாரிடம் சொன்னாள், தெரியாது.
கிளார்க் அதையும் எழுதிக்கொண்டான்.

ஐந்தாவது புட்டிக்கு
யாரையும் புதைக்காத இடத்து மண் வேண்டுமாம்.
எனக்கென்று ஒதுக்கிய மூலையைக் காட்டினேன்.
வேலிக்கு அப்பால் பழைய கூட்டுப்பண்ணைத் திராட்சை.
டிராக்டரில் மருந்தடித்த நாட்களில்
அந்த வேலியில்தான் சட்டை உலர்த்துவோம்.

திராட்சை பறித்து முடித்தபின் கடிதம் வந்தது.
ஆர்செனிக்:
முடியில் இருக்கிறது, நகத்தில் இருக்கிறது,
நாலு புட்டியிலும் இருக்கிறது,
என் மூலையில் எல்லாவற்றையும்விடக் கூடுதல்.
நிரூபிக்க இயலாது.
மறுக்கவும்.

ஸினோவியா திரும்பிவிட்டாள்.
அவளுடைய ஆட்டுப்பாலாடைக் கட்டியை
ஊரில் யாரும் வாங்குவதில்லை.
நான் வாங்குகிறேன்.
வாயில் வைக்குமுன்
ஒரு கணம் பார்க்கிறேன்.