ஈரச் சாவி, பாகம் இரண்டு

இரவுக் காட்சி முடிந்து
பதினான்கு பேர் வெளியே வந்தோம்.
மைனஸ் பத்தொன்பது.
ஸ்காபரோவில் ஒரு படத்தைப் பற்றிய உண்மை
கார் நிறுத்துமிடத்தில்தான் வெளிவரும்:
கண்ணாடியில் பனி இளகும்வரை
ஒருவருக்கும் போக வழியில்லை.

"முதல் பாகம் பார்த்த இரவு
பாத்ரூமுக்குத் தனியப் போகப் பயந்தனான்.
இதுக்கு நடுவில ரெண்டு தரம் போட்டு வந்தன்.
ஒண்டும் தவறேல்லை."
பல் வைத்தியர் கெங்காதரன்.
பனி சுரண்டும் தகட்டை அவர் பிடித்திருந்த விதத்தில்
கொலைகாரனிடம் இல்லாத ஏதோ இருந்தது.

"அதில ரயில் வந்தது. கோட்டை வந்தது.
இதில ஒரு பேஸ்மென்ட், ஒரு டோர்ச் லைட்,
ஒரு தக்காளிச் சோஸ் போத்தல்."
"மழையும் வந்ததே?"
"அது தோட்டத்துக் குழாய், தம்பி.
யன்னலில இடப்பக்கம் மழை,
வலப்பக்கம் வெயில்."

"செத்தவனுக்கு ஒரு இரட்டை இருந்ததெண்டு
முதல் பாகத்தில ஆர் சொன்னது?"
"ஒருத்தரும் சொல்லேல்லை.
அதுதானாம் திருப்பம்."

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு
அறுபது டொலர் எண்ணி வைத்தபடி வதனி:
"அந்தக் கத்தி எங்கட வீட்டிலயும் கிடக்கு.
கறிமிளகாயும் வெட்டாது."

அப்போது ஒரு வானுக்குப் பின்னாலிருந்து,
ஆள் தெரியவில்லை, குரல் மட்டும்:
"அதெல்லாம் போகட்டும்.
பிரேதம் மூச்சு விடுது, பார்த்தனீங்களோ?
வாயால புகை போகுது!"
"ஆவி பிரியிறதைக் காட்டுறாங்கள் போல."

சிரித்தார்கள்.
இரண்டு மணி நேரப் படம் தராத சந்தோசம்.
நானும் சிரித்தேன்,
குளிரங்கியின் தொப்பியை
இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டு.

பிரேதம் நான்தான்.

சுகிர்தனின் மைத்துனர் வீட்டு நிலவறை.
வெறும் கொங்கிரீட்.
ஹீட்டர் இரைச்சல் ஒலிப்பதிவில் விழுகிறதென்று
அணைத்துவிட்டார்கள்.
ஏழு மணி நேரம் செத்துக் கிடந்தேன்.
கழுத்தில் சோஸ் காய்ந்து தோலை இழுத்தது.
என்மேல் விழுந்து அழவேண்டிய பிள்ளை
வசனத்தை மறந்து மறந்து ஒன்பது தரம் அழுதாள்.
ஒன்பதாவதில் என் நெஞ்சு பொறுக்கவில்லை.
"பரவாயில்லை அண்ணை,
செத்தவனை ஆர் பார்க்கப் போயினம்?"
என்றான் சுகிர்தன்.

அந்தத் தலைப்பை வாங்கவே
அவன் தன் வானை விற்றான்.
மிச்சக் காசுதான் படம்.
எனக்குச் சம்பளம் ஒரு கொத்துரொட்டிப் பொதி,
கடைசியில் ஓடும் பெயர்களில் என் பெயர்,
ஒரு எழுத்துப் பிழையோடு.

"பாவம் அந்தாள்," என்றாள் வதனி.
சிரிப்பு அடங்கியிருந்தது.
"கீழ ஒரு சாக்காவது விரிச்சிருக்கலாம்.
காது ரெண்டும் சிவந்து போச்சு."
பிறகு, விட்டுக்கொடுக்க மனமில்லாமல்:
"படம் சரியில்லை. அது வேற கதை."

ஒவ்வொரு காராய்ப் போனது.
வதனியின் கார் இருமி இருமி நின்றது.
என் டிக்கியில் கேபிள் இருந்தது.
குனிந்து பற்றரியில் கொழுவும்போது
தொப்பி பின்னால் சரிந்தது.
"உங்களை எங்கயோ..."
"கடையில. மரக்கறி நிறுக்கிறனான்."
"இல்லை," என்றாள்,
என் காதைப் பார்த்தபடி.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்,
அன்றைக்குப் பிடித்ததைவிடத் திறமாக.
இயந்திரம் உறுமிக் கிளம்பியது.
அவள் தன் கழுத்துத் துண்டைக் கழற்றி
என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

எக்ளின்டன் சந்தியில் சிவப்பு விளக்கு.
சுகிர்தனின் செய்தி:
"சனம் என்ன சொல்லுது?"

விறைத்த விரலால் எழுதினேன்:
"படம் முடிஞ்சும் ஒருத்தரும் வீட்ட போகேல்லை.
இந்தக் குளிருக்குள்ள அரை மணித்தியாலம்
நிண்டு உன்ர படத்தைத்தான் கதைச்சவை."

திரும்ப வாசித்துப் பார்த்தேன்.
ஒரு சொல்லும் பொய்யில்லை.
அனுப்பினேன்.