தலைக்கு எவ்வளவு

மோர்ப்பண்ணையில் பதினேழாவது வீடு.
படிவம் கேட்கிறது: மின்சாரம், எரிபொருள்,
மாதச் செலவு, வீட்டில் எத்தனை தலை.

நம்புசெல்வி விரல் மடக்குகிறாள்.
ஐந்து. கத்தாரில் இருப்பவரைச் சேர்த்தால் ஆறு.
அவர் அறையில் ஓடும் ஏசி எந்த ஊர்க் கணக்கு என்று
அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கரண்டு நூறு யூனிட்டுக்குள். பூஜ்யம்.
சிலிண்டர் மூன்று மாதத்துக்கு ஒன்று.
விறகு?
"கம்மாய்க் கருவேலுக்கு யாரு விலை வச்சா?"
பூஜ்யத்தை அழுத்தினேன்.
முள் ஏறிய குதிங்காலுக்குக் கட்டம் இல்லை.

வள்ளத்து டீசல் தொழில் செலவாம், அது வேறு படிவம்.
மூட்டம் போட்ட கரி லாரி ஏறிப் போகிறது,
எரிகிற ஊரில்தான் அதற்குக் கணக்கு.

"மெட்ராசுல தலைக்கு எவ்வளவு வருது?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள்.
"அம்புட்டு வெளிச்சத்துல
எப்படித்தான் தூங்குதுகளோ."
கேலி இல்லை. நிஜமாகவே இரங்கினாள்.

அதற்குள் என் டேப்லெட்
நாலு சதவீதம் என்று சிவந்தது.
கேட்காமலே வாங்கி,
மின்விசிறியைப் பிடுங்கிவிட்டு
அந்தத் துளையில் செருகினாள்.
தொட்டிலில் பிள்ளை வியர்த்துச் சிணுங்கியது.

முக்கால் மணி நேரம்.
அந்தக் கரண்டை
யார் தலையில் எழுத?