கள்ளக்காற்று

பணகுடியில் ஆடி பிறந்தால்
கடைத் தகரத்தை இரவெல்லாம் காற்று உலுக்கும்.
காலையில் ஸ்பானர்களைச் செம்மண்ணுக்குள்
தேடித்தான் எடுக்கவேண்டும்.

ஞானசிகாமணி அண்ணாச்சி
ஆம்னியிலிருந்து இறக்கியது
மூன்று கை மாறிய மரமறுக்கும் மெஷின்.
குலசேகரத்து ரப்பர்த் தோட்டத்தில்
சல்லிசாகக் கிடைத்ததாம்.
சீமையுடைக் காட்டில் ஆறு நாள் ஓடியது.
ஏழாம் நாள் தொண்டை கிழியக் கத்திவிட்டு
அப்படியே நின்றுவிட்டது.

"டூட்டி ஆயில் ஊத்தாம ஓட்டிட்டான் வே.
சம்பளத்துல பிடிக்கப்போறேன்.
நீரு ஒரு தாள்ல எழுதித் தந்தாப் போதும்."

வண்டிக்குப் பின்னால் உச்சிமாகாளி,
இமை வரை கரிமூட்டத்துச் சாம்பல்.
கையில் அளவுக்குக் கோடு கீறின
தண்ணீர் பாட்டில்.
அதைத் தூக்கிக் காட்டவும் இல்லை,
கீழே போடவும் இல்லை.

கயிற்றை இழுத்தேன்.
நல்ல சிலிண்டர் கையைத் திருப்பி இழுக்கும்.
இது வாளி அறுந்த கிணற்றுக்கயிறாய்
சும்மா வந்தது.
கேஜில் முள் எண்பதோடு நின்றது,
நூற்றைம்பதாவது வேண்டும்.

சைலன்சருக்கு இரண்டு போல்ட்.
துருவேறிய ஒன்று
என் கட்டைவிரல் நகத்தில் பாதியை வாங்கிக்கொண்டு
கழன்றது.
துவாரத்துக்குள் செல்போன் விளக்கை அடித்தேன்:
பனைமட்டைக் கருக்கில் சறுக்கின தொடைபோல
பிஸ்டன் முழுக்க நெட்டுக் கீறல்.

"பாத்தீரா" என்றார் அண்ணாச்சி.

சிலிண்டரைத் தூக்கி
பிஸ்டனின் மறுபக்கம் பார்த்தேன்.
கம்பெனியில் கடைந்த மெல்லிய வரிகள்
இன்னும் அழியவில்லை.
அடியில் கிராங்கைத் தொட்டேன்.
விரலில் பச்சை எண்ணெய்.

"ஆயில் இல்லாம வெந்தா சுத்திலும் வேகும்.
இது புகை போற பக்கம் மட்டும் வெந்திருக்கு.
பிளக்கைப் பாருங்க, சுண்ணாம்பா வெளுத்திருக்கு."

சிலிண்டரை மறுபடி பூட்டி
சைக்கிள் டியூபை வெட்டி வாய்களை அடைத்து
பிளக் துளை வழியே கொஞ்சம்போல ஊதி
சோப்பு நுரை தடவினேன்.
கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் ரப்பர்க் கழுத்து,
அதன் இரண்டாம் மடிப்பில்
ஒரு முட்டை. உடைந்தது.
அதே இடத்தில் இன்னொன்று.
நகத்தால் விலக்கினால், உள்ளே
மஞ்சளாய்க் காய்ந்த பழைய பசை.
குலசேகரத்துக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது.

வெளியே காற்றாலைகள்
யூனிட் கணக்கில் காற்றைத் தின்றுகொண்டிருந்தன.
இந்தச் சின்ன மெஷின் தின்றது கணக்கில் வராத காற்று.
அதில் பெட்ரோல் நீர்த்தது,
பெட்ரோலோடு வரும் எண்ணெயும் நீர்த்தது.
மிச்சத்தைச் சூடு பார்த்துக்கொண்டது.

"அப்ப ஆயில்னு எழுத மாட்டீரு."
"மாட்டேன்."
அண்ணாச்சி வெகுநேரம்
போனில் எதையோ தேடினார்.
"ரப்பர் எவ்வளவு வே?"

சிலிண்டர் சாகவில்லை.
சுவரில் பிஸ்டனின் அலுமினியம் அப்பியிருக்கிறது,
அவ்வளவுதான்.
கக்கூஸ் கழுவும் ஆசிடைப்
பஞ்சுக்குச்சியில் ஒற்றி வைத்தேன்.
அப்பினது நுரைத்தது. முலாம் அசையவில்லை.
சோடா நீரில் கழுவி, தேய்த்து, துடைத்து,
மிச்சமிருந்த பாதி நகத்தை
மேலிருந்து கீழே ஓட்டினேன்.
தட்டவில்லை.
இன்னொரு முறை ஓட்டினேன்.

புது பிஸ்டன், ரிங், கிளிப்,
கிளிப்பின் வாய் கீழே பார்க்க.
இருநூற்று நாற்பது ரூபாய்க்குப் புதுக் கழுத்து.
சாயங்காலம் உச்சிமாகாளி கயிற்றை இழுத்தான்.
மெஷின் அவன் கையைத் திருப்பி இழுத்தது.
மூன்றாவது இழுப்பில் புகைவிட்டுப் பேசியது.

பில்லில் எழுதினேன்:
ரப்பர் வெடிப்பு, பழையது.
அண்ணாச்சி படித்தார், நாலாய் மடித்தார்,
சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆம்னி கிளம்பும் நேரம்
உச்சிமாகாளி ஓடிவந்தான்.
"அந்த வெந்த பிஸ்டனத் தாரும்."
"எதுக்குடே?"
"நாளைக்குச் சனிக்கெழம. சம்பளம்."

எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுத்தேன்.
கீறல் விழுந்த பக்கம் எது,
விழாத பக்கம் எது என்று
அவனே கேட்டு
கரி விரலால் தடவிப் பார்த்துக்கொண்டான்.