பிடிகொடுக்காத விசிறி

நீடில்ஸ் ஊரில் ஜூலை.
கடைக் கண்ணாடிக் கதவைத் தொட்ட கை
அடுத்த முறை யோசிக்கும்.
மணி பதினொன்று. வெயில் நூற்றுப் பதினாறு.

உள்ளே வந்தவர்
பிடித்த மீனைக் காட்டுகிறவர்போல
கழற்றிய விசிறிக் கிளட்சைக் கவுண்டரில் வைத்தார்.
தண்டோரம் கசிந்த சிலிக்கான் எண்ணெயில்
பாலைப் புழுதி அப்பிக் கறுத்திருந்தது.
தண்டைப் பிடித்துச் சுண்டிவிட்டேன்.
அரைச் சுற்றில் நிற்கவேண்டியது
நான் பேனா தேடி எடுக்கும்வரை சுற்றிக்கொண்டிருந்தது.
கொதித்தாலும் பிடிகொடுக்காத ஆசாமி.

வண்டி?
வீட்டு வண்டி. முப்பத்து நான்கு அடி.
எஞ்சின் முன்னாலா, பின்னாலா?
"முன்னால். எங்கள் இரண்டு சீட்டுக்கும்..."
நிறுத்தினார்.
"இரண்டு சீட்டுக்கும் நடுவில்."
முன்னால் என்று எழுதிக்கொண்டேன்.

விசிறி எந்தப் பக்கம் சுற்றும்?
அதற்கு அவர் வெளியே போய்
பெல்ட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டியிருந்தது.
இங்கேதான் பலபேர் கோட்டை விடுவார்கள்.
நான்கு ஓட்டையும் பொருந்தும்,
முகமும் அச்சு அசலாக அதேதான்,
திசை மட்டும் மாறியிருக்கும்.
பொருந்திவிட்டதே என்று முடுக்கிவிட்டுக் கிளம்பினால்
ஏற்றத்தில்தான் தெரியும்.

மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தேன்.
ஒன்றுக்குச் சூடு சுரணை கிடையாது,
வேகம் மட்டும் தெரியும். விலை மலிவு.
ஒன்றுக்கு நெற்றியில் சுருள் உண்டு,
ரேடியேட்டரின் மூச்சு சுட்டால் விழித்துக்கொள்ளும்,
ஆனால் குடும்பக் காருக்குத்தான் சரி.
மூன்றாவது கனம். சீக்கிரம் பிடிக்கும்,
பிடித்தால் உடும்பு.
பெட்ரோல் குடிக்கும். கத்தும்.

எங்கே போகிறீர்கள்?
"ஃபிளாக்ஸ்டாஃப்."
ஐநூறு அடியிலிருந்து ஏழாயிரம் அடிக்கு.
"அங்கே விற்றுவிடுவேன், பேசி முடிந்துவிட்டது.
இருநூறு மைல் தாங்கினால் போதும்."
மலிவுப் பெட்டியின் மேல் அவர் விரல் இருந்தது.

நான் உபதேசம் செய்யமாட்டேன்.
பெட்டி விற்பவள்.
இரண்டு விலையையும் சொன்னேன்.

"இந்தப் பெரியது ரொம்பச் சத்தமோ?"
ஏற்றத்தில் பக்கத்தில் பேசுவது கேட்காது என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"வாங்குகிறவர்களுக்கு இரட்டைப் பையன்கள்,
போனிலேயே வீடு அதிரக் கத்தினார்கள்.
அந்தச் சத்தத்துக்கு இது மேல்,"
என்று மூன்றாவதைத் தன் பக்கம் இழுத்தார்.
கார்டில் பெயர் பார்த்தேன்: டெல்மர் ட்வாம்ப்ளி.

கட்டட நிழலில்
அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுத்தார்,
என் ஸ்பேனரைக் கடன் வாங்கிக்கொண்டு.
நிழல் சுருங்கச் சுருங்க அட்டையும் நகர்ந்தது.
இரண்டு முறை தண்ணீர் கொண்டுபோனேன்,
இரண்டு முறையும் கால்தான் நன்றி சொன்னது.

பிறகு சாவி திருகினார்.
கடையின் ஷட்டர் நடுங்கியது.
இறங்கி ஓடிவந்தார்:
"தப்பானதைக் கொடுத்துவிட்டாய், இனேஸ்!"
அணைக்காதீர்கள் என்று கத்தினேன்.
அலமாரியில் சும்மா கிடந்தபோது
எண்ணெய் உள்ளே இறங்கித் தேங்கியிருக்கும்.
ஒரு நிமிஷம். தானே விடும்.

ஓடும் எஞ்சினுக்கு எதிரே
இரண்டு பேரும் சும்மா நின்றோம்.
அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்,
வாய் மட்டும் தெரிந்தது.
நீளமாகத்தான் சொன்னார்.
எனக்குக் கேட்காது என்பது அவருக்கும் தெரியும்.
அப்போது விசிறி பிடியைத் தளர்த்தியது,
இரைச்சல் சட்டென்று இறங்க
வாக்கியத்தின் வால் மட்டும் என்மேல் விழுந்தது:
"...பச்சைத் திரைச்சீலைதான் வேண்டும் என்றாள்."

ம் என்றேன்.
"சரியானதுதான்," என்றார், விசிறியைப் பார்த்து.

ஸ்பேனர் நான் கொடுத்ததைவிடச் சுத்தமாகத் திரும்பியது.

நான்கு மணிக்கு
பேட்டரி வாங்க வந்த லாரிக்காரர் சொன்னார்:
கிங்மேன் ஏற்றத்தில்
ஒரு வீடு, விமானம்போலக் கத்திக்கொண்டு,
பச்சைத் திரை படபடக்க,
அவரைத் தாண்டிப் போனதாம்.