அங்கி ஒன்று

மணி மூன்று பத்து.
கழிப்பறைக்குப் பத்து நிமிடம் என்று அட்டையில் குத்திவிட்டுப்
பின்பக்கக் கம்பிவேலிக்கு வந்திருந்தேன்.
பாயான் லெப்பாசில் அப்போது
கடலைத் தூர்த்த மண் இன்னும் காயவில்லை.
தொழிற்சாலை விளக்கு விழுந்த வரைக்கும் சேறு,
அதற்கப்பால் கறுப்பு,
கறுப்புக்குள் ஜெரெஜாக் தீவு.

அங்கிருந்து நீந்தி வந்தவன் ஒருவனுமில்லை என்பார்கள்.
நீரோட்டம் தெற்கே இழுத்துப்போகும்,
சேறு இடுப்பைப் பிடிக்கும்,
மிச்சத்தைச் சொறிமீன் பார்த்துக்கொள்ளும்.
பஸ் டிரைவர் ஹாஷிம் இதைப் பெருமையாகச் சொல்வார்,
அந்தக் கடலைத் தாமே வெட்டியதுபோல.

முதலில் தகரம் சேற்றில் உரசும் சத்தம்.
பிறகு இரண்டு எண்ணெய் டின்,
சட்டைக் கைகளால் கட்டியவை.
பிறகு அவற்றின் நடுவே ஒரு மனிதன்,
நாலு காலில்.

கத்தியிருக்கலாம்.
வாயில் வந்தது ஒரு "ஐயோ" மட்டும்.
அதிலேயே மொழியைப் பிடித்துக்கொண்டான்:
"அக்கா, இது கரைதானே?
சுத்திச் சுத்தி அதே தீவுக்கே வந்துடலையே?"

பினாங்கும் தீவுதான் என்று
சொல்ல மனம் வரவில்லை.

பேர் கேட்டேன்.
"நானூத்தி எம்பத்தொண்ணு" என்றான்.
உப்புத்தண்ணீரைத் துப்பிவிட்டு, கொஞ்சம் யோசித்து,
"தனபாலன்."
என் கழுத்து அட்டையை
அப்போது நான் ஏன் கைக்குள் மூடினேன், தெரியாது.

எட்டு மாதம் சிறைச் சமையற்கட்டில் சாம்பல் கொட்டும் வேலை.
கொட்டிய சாம்பல் எந்தப் பக்கம் போகிறது,
எந்த நிலவில் போகாமல் நிற்கிறது,
பார்த்துக்கொண்டே இருந்தானாம்.
"நிக்கிறது கால் மணி நேரந்தான், அக்கா.
ஆனா நிக்குது."

என்ன செய்து உள்ளே போனான் என்று கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டும்.
அந்த முள் உள்ளேயே இருக்கிறது.

மாற்று அங்கியை வேலிக்கு மேலாக வீசினேன்.
வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி, முகத்துணி.
மைக்ரோஸ்கோப் அறையில் தூசி ஆகாதென்று
நானூறு பெண்களையும் வெறும் கண்களாக்கி வைத்திருந்தது கம்பெனி.
இன்னும் ஒரு ஜோடி கண், அவ்வளவுதான்.

ஏழு மணிச் சங்கு ஊதும்வரை
அலையாத்தி மரங்களுக்குள் கிடந்தவன்
பஸ் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றான்.
காலெல்லாம் சேறு.
ரொக்கையா ஒரு வார்த்தை பேசவில்லை.
தன் ரப்பர் செருப்பைக் கழற்றி
காலாலேயே அவன் பக்கம் தள்ளினாள்.

குளுகோரில் போலீஸ் கை காட்டியது.
ஏறிய காவலர் பார்த்தது தூங்கும் பெண்களை;
டீசல் நாற்றத்துக்கு நாங்கள் முகத்துணியோடுதான் தூங்குவோம்.
ஹாஷிம் கண்ணாடியில் எண்ணினார்.
மறுபடி எண்ணினார்.
"எல்லாம் என் பிள்ளைங்க" என்றார் மலாயில்,
சாலையைப் பார்த்தபடி.

வெல்ட் குவேயில் அவன் இறங்க,
பட்டர்வொர்த் ஃபெரிக்கு ஓடிய கூட்டம்
அவனை வாங்கிக்கொண்டது.
திரும்பிப் பார்க்கவில்லை. நல்லது.

நாலாம் நாள் பத்திரிகையில்:
மூழ்கியிருக்கக்கூடும், உடல் கிடைக்கவில்லை,
இதுவரை எவரும் தப்பியதில்லை.

மாதக் கடைசியில் என் சம்பளச் சீட்டில்:
தொலைத்த பொருள், அங்கி ஒன்று.
பிடித்தம், பன்னிரண்டு வெள்ளி.
கையெழுத்துப் போடச் சொன்னார் சூப்பர்வைசர். போட்டேன்.

ரொக்கையாவுக்குப் புதுச் செருப்பு வாங்கினேன்.
ஒரு சைஸ் பெரிதாகிவிட்டது.
மாற்ற மாட்டேன் என்று
அதையே போட்டு நடந்தாள் அந்த வருடம் முழுக்க,
டப் டப் என்று,
அறை முழுக்கக் கேட்கும்படி.