இடது பக்கம்

மூன்று கோலும் இடது பக்கத்தாலைதான் வந்தது.
அதில் எவருக்கும் வழக்கில்லை.
அந்தப் பக்கத்தை ஆர் திறந்துவிட்டது
என்பதில்தான் வழக்கு.

குருநகர் ஐஸ் பக்ரறிக்கு முன்னால்
றோஸ்மலரின் தேத்தண்ணிக்கடை.
டெனிஸ்ரன் மேசையில் சீனியைக் கொட்டி
மைதானம் கீறுகிறான்.
"இஞ்சை எங்கடை ஆள் நிக்கவேணும்.
நிண்டது ஆர்? காத்து."

கணக்குக் கொப்பி என் மடியில்.
பொருளாளர் என்று பெயர்;
பிரான்ஸிலிருந்து வருவதை எழுதுவதும்
போவதைப் பார்ப்பதும் வேலை.

ஆனி மாதம் கோச் எமிலியன் கேட்டது
இடது பின்வரிசைக்கு ஒரு ஆள்,
பன்னிரண்டு பந்து,
கணுக்காலுக்குச் சுற்ற பன்டேஜ்.
ஆவணியில் வந்து இறங்கியது
கானாவிலிருந்து இரண்டு முன்வரிசைக்காரர்,
முதலாளி சிரிக்கும் படம் ஒட்டிய ஒரு பஸ்.

"காசு போடுறவன் அந்த மனுசன்.
கேக்க நீ ஆர்?" என்கிறான் மரியசீலன்.
"கத்துறவன் நான்," என்கிறான் டெனிஸ்ரன்,
"எட்டு வருசமாய்த் தொண்டை குடுத்தவன்.
அதுக்கு ஒரு கணக்கும் இல்லையோ?"
"கோச்சைக் கேளாமல் ஆள் எடுக்கிறதெண்டால்
கோச் என்னத்துக்கு? விசில் ஊதவோ?"
"மூண்டு வருசத்திலை நாலு பேர்!
வலை கிழிஞ்சால் இருந்து பொத்துறம்,
கோச் தோத்தால் மட்டும்
ஏன் கரையிலை எறியிறம்?"

நேற்றுப் பந்து வரும் வரும் என்று
எதிர்க் கோலடியில் தனியே நின்றான் குவேசி.
அவனில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.
மாதக் கடைசியில் ஆஸ்பத்திரி வீதியில்
நாங்கள் நிற்கும் அதே வரிசையில் நிற்கிறான்,
நாங்கள் காசு எடுக்க,
அவன் காசு அனுப்ப.

மேசையில் சீனிக்கு நடுவே போன்.
சற்று முன்தான் முதலாளி கதைத்தார், ஸ்பீக்கரில்:
அடுத்த முறை இன்னும் பெரிய ஆள்,
ஒரு மெடலோடு வாறவன்,
கோச்சைப் பற்றிப் பிறகு யோசிப்பம், என்று.
பாத்திரங்கள் மோதும் சத்தம் பின்னால்.
அங்கே மதியச் சாப்பாட்டு நேரம்.

"உந்தாளுக்கு இடது பக்கம் கண் தெரியாதடா,"
என்றான் மரியசீலன்,
இவ்வளவு நேரமும் அவர் பக்கம் நின்றவன்.
"தொண்ணூற்றி நாலிலை மூண்டாம் நம்பர் போட்டு
அதே இடத்திலை நிண்டவர்தானே.
அப்பவும் கோல் எல்லாம்
அந்த வாசலாலைதான் வந்தது."

சிரித்தோம். வாங்கில் ஆடியது.
அப்போதுதான் கண்டேன்:
போன் வெட்டுப்படவில்லை.
நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஐஸ் பக்ரறியின் மோட்டர் மட்டும் கேட்டது.
ஒரு கோப்பை அங்கே எங்கோ விழுந்து உடைந்தது.
"அது..." என்றார் முதலாளி.
பிறகு, "அண்டைக்கு மழை.
மைதானம் முழுக்கச் சேறு."
பிறகு,
"இப்ப அங்கை மழையோ?"

"இல்லை அண்ணை, நல்ல வெயில்,"
என்றான் டெனிஸ்ரன், மிக மரியாதையாக,
சீனி மைதானத்தை உள்ளங்கையால் அழித்தபடி.

தேத்தண்ணிக் காசு ஆர் குடுக்கிறது
என்று வந்தபோது
எல்லாரும் என் கொப்பியைப் பார்த்தார்கள்.
முதலாளி கணக்கு, பதினெட்டுத் தேத்தண்ணி,
ஒன்பது வடை, இரண்டு றோல்ஸ்.
எழுதினேன்.
அந்தச் செலவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கோச் எமிலியன் எப்போது வந்தார் என்று தெரியாது.
கதவோரம் நின்றே குடித்திருக்கிறார்.
தன் தேத்தண்ணிக்கு
ஒரு நூறு ரூபாய்த் தாளை றோஸ்மலரிடம் நீட்டி,
மிச்சத்தை எண்ணி வாங்கி,
காத்துப்போன ஏழு பந்துகளைச்
சைக்கிள் கரியரில் கட்டினார்.
ஒன்று நழுவி விழுந்து
தெருவின் இடது பக்கமாக உருண்டது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.
எடுக்க ஒருவரும் ஓடவில்லை.