நடுவில் ஒரு வெட்டு

மாலை ஐந்தரைக்கு நண்டு வரும்.
ஐந்து நாற்பதுக்கு என் கணினி உறைந்துவிடும்.
எடை, பெயர், தொகை எல்லாம்
திரையில் அப்படியே நிற்க
தொண்டிக் கம்பெனி வாசலில் பாக்கியமேரி
கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு கேட்பாள்:
"உன் பெட்டிக்கும் சீக்கா?"

ராம் போதவில்லை என்றேன்.
முதலாளி சேகனா
ஈரம் காயாத நோட்டுகளாக எண்ணிக் கொடுத்தார்.
திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் என்று
நின்று நின்று போன பேருந்தில் ராமநாதபுரம்.
அரண்மனைப் பக்கத்துக் கடையில்
"டெஸ்க்டாப்புக்கு ராம், எட்டு ஜிபி."
அவ்வளவுதான் சொன்னேன்,
அளவு தெரியாமல் அடுத்தவருக்குச் செருப்பு வாங்குகிறவள் மாதிரி.

திரும்பி வந்து மூடியைக் கழற்றினால்
நீளம் அதே. பச்சை அதே.
தங்கப் பல்வரிசையில் நடுவில் உள்ள வெட்டு மட்டும்
ஓர் அரிசி அகலம் தள்ளி.
"அழுத்தும்மா, உள்ளே போகும்" என்றார் சேகனா.
ஐஸ் பெட்டியை அப்படித்தான் மூடுவார், முழங்காலால்.
நான் கையை எடுத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் படித்தேன்,
முதலில் படித்திருக்க வேண்டியதை.
பழைய துண்டின் ஒட்டுத்தாளில்:
டிடிஆர் மூன்று. 1333. ஒன்றரை வோல்ட்.
மதர்போர்டின் பெயர் உப்புப் படலத்துக்கு அடியில்.
டூத்பிரஷால் தேய்க்கத் தேய்க்க
எழுத்தெழுத்தாக எழுந்து வந்தது.
இரண்டு பொந்து; ஒவ்வொன்றும் எட்டு வரை தாங்கும்.
நான் வாங்கி வந்தது டிடிஆர் நான்கு.

மறுநாள் கடைப்பையன் யாசிர் மாற்றிக் கொடுத்தான்,
நூறு ரூபாய் பிடித்துக்கொண்டு.
"இது ஆயிரத்து அறுநூறு வேகம். உங்க பழசு ஸ்லோ.
ரெண்டும் சேர்ந்தா பழசோட வேகத்துக்கு இறங்கிடும், பரவாயில்லையா?"
பரவாயில்லை. இரட்டைமடி இழுக்கும் படகுகள்
ஒரே வேகத்தில்தான் போயாக வேண்டும்.
(தடை செய்த வலைதான். உதாரணத்துக்குச் சொல்கிறேன்.)

இந்த முறை இரண்டு பக்கக் கொக்கியும்
டக், டக்கென்று தாமே மூடின.
பொத்தானை அழுத்தினேன்.
நீளமாக மூன்று கூவல். திரை கருப்பு.

பழையதைக் கழற்றிப் பார்த்தால்
தங்கத்தில் பச்சை பூத்திருந்தது.
வாசல் கதவைச் சாத்தினாலும்
கடல் விசிறி வழியாக உள்ளே வந்துவிடுகிறது.
சில்லறை டப்பாவில் கிடந்த அழிரப்பரால்
பல் பல்லாகத் துலக்கி
வாயால் ஊதாமல், தட்டி உதிர்த்து,
மறுபடி மாட்டினேன்.

திரை வந்தது.
பன்னிரண்டு ஜிபி என்று காட்டியது.
அதே வரியில், அடைப்புக்குறிக்குள்,
சீட்டுக் கம்பெனி நிபந்தனை போலச் சின்னதாக:
பயன்படுத்தக்கூடியது மூன்றே கால்.

விண்டோஸ் முப்பத்திரண்டு பிட்.
அதை யாசிர் கேட்கவில்லை.
நானும் பார்க்கவில்லை.

ஐந்தரை. நண்டு வந்துவிட்டது.
"ஏத்திட்டியா?" என்று எட்டிப் பார்த்தாள் பாக்கியமேரி.
"ஏத்தியாச்சு. இன்னும் இறங்கலை."
கோடு போட்ட நோட்டை விரித்து
அவள் பெயரை எழுதினேன்.
நாலு கிலோ அறுநூறு.
ஒரு நண்டுக்குக் கொடுக்கு இல்லை.
கழிக்கவில்லை.